தொட்டியில் மீன் எங்கே?

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம். சுமார் 50 லிட்டர் தண்ணீர் கொள்ளும். உள்ளே கறுப்பு மணல், ஒரு மரக்கட்டை, பச்சைப் பசேலென்று செடிகள். போன சித்திரையில் ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு, "ஏண்டா, கீரை வளர்க்க எதற்கடா கண்ணாடிப் பெட்டி?" என்று கேட்டார்.

அவர் மேல் தப்பில்லை. அந்தச் சமயம் தொட்டிக்குள் பன்னிரண்டு மீன்கள் இருந்தன. பன்னிரண்டும் அவரைக் கண்டு செடிக்குப் பின்னால் பதுங்கியிருந்தன!

முத்து டேனியோ என்று சொல்லலாம் இந்த மீனை. முழு வளர்ச்சியே இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர்தான். கருநீல உடம்பு முழுவதும் முத்துப் பதித்தாற்போல் புள்ளிகள்; துடுப்புகளில் செக்கச் சிவப்புப் பட்டை. இந்த ஜம்பமெல்லாம் ஆண் மீனுக்கு. பெண் மீன் கொஞ்சம் மங்கல், வயிறு சற்று உருண்டை.

இவ்வளவு அழகான ஜந்துவை 2006-ஆம் வருஷம் வரையில் வெளியுலகம் அறியவில்லை என்றால் நம்புவீர்களா? மியான்மரில் ஷான் மாநிலத்தில், ஹோபோங் என்ற ஊருக்கு அருகே, கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேல், செடிகள் மண்டிய ஆழமில்லாத குட்டைகளில் இது அகப்பட்டது. படம் வெளியானதுதான் தாமதம், உலகமெங்கும் மீன் பிரியர்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. 2007-ல் டைசன் ராபர்ட்ஸ் என்ற விஞ்ஞானி இதற்குப் பெயர் சூட்டினார். ஆனால் அதற்குள்ளேயே, 'வலை போட்டு அள்ளிக் குட்டையையே காலி செய்துவிட்டார்கள்' என்று கூக்குரல் எழுந்தது. நல்ல வேளை, வேறு சில இடங்களிலும் இந்த மீன் இருப்பது பிற்பாடு தெரிந்தது. அதைவிட நல்ல சமாசாரம், இது வீட்டுத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கும். 2008-ல் இன்னும் சிலர் எலும்பையும் மரபணுவையும் சோதித்து, நம் நாட்டு ஓடைகளில் திரியும் வரி டேனியோவுக்கு இது பங்காளி முறை என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

என் கதைக்கு வருகிறேன். சென்னையில் மீன் வளர்க்கிற ஆசாமிகளுக்குக் கொளத்தூர் ஒரு க்ஷேத்திரம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்த் தொட்டியும் ஆறு மீன்களும் வாங்கி வந்தேன். அன்று சாயங்காலமே தண்ணீர் நிரப்பி, அன்று இரவே மீனை விட்டேன். வெள்ளைக் கூழாங்கல், கண்ணைப் பறிக்கும் விளக்கு, ஒரு பிளாஸ்டிக் கோட்டை. ஒன்பது நாளில் நான்கு மீன் செத்துப் போயிற்று.

"சாகிறதுக்குன்னே காசு கொடுத்து வாங்கிட்டு வரீங்களா?" என்றாள் என் மனைவி. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நான்காவது மீனைத் துளசித் தொட்டியில் புதைத்துவிட்டு வந்து, மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது விஷம். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் சில அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் விஷம்தான். வேறு சில கிருமிகள் அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகே ஆபத்துக் குறைகிறது. மிச்சத்தைச் செடிகள் உறிஞ்சிக்கொள்ளும். இந்த நல்ல கிருமிகள் புதுத் தொட்டியில் குடியேற ஒரு மாதமாவது பிடிக்கும். நானோ ஒரு மணி நேரம்கூடக் கொடுக்கவில்லை. கடைக்காரர் சொல்லவில்லை என்று குறைப்படலாம், நானும் கேட்கவில்லையே!

இரண்டாம் முறை கோட்டையைப் பரணில் போட்டேன். கறுப்பு மணலில் செடி நட்டு, ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடவிட்டு, ஆறு வாரம் காத்திருந்தேன். மிஞ்சியிருந்த இரண்டும் அதுவரை நண்பர் ஒருவர் வீட்டில் விருந்தாளிகள். அப்புறம் பத்து மீன் சேர்த்தேன். இந்தத் தடவை, வீட்டுத் தொட்டியில் பிறந்ததா என்று விசாரித்துத்தான் வாங்கினேன்.

பயந்த மீன் விஷயத்தில் ஒரு வேடிக்கை. ஒளிய இடம் குறைந்தால் மீன் நன்றாகத் தெரியும் என்றுதானே நினைப்போம்? நேர் விரோதம்! இரண்டு செடி வைத்தால் அந்த இரண்டுக்குள்ளேயே கிடக்கும். காடு போல் வைத்தால், ஓடி ஒளிய எப்போதும் இடமிருக்கிறது என்ற தைரியத்தில் வெளியே வந்து உலாவும். ஆழமில்லாத குட்டையில் வாழும் விரலளவு மீனுக்கு மேலே மீன்கொத்தி இருக்கிற நினைப்பு போகாதல்லவா? அதனால் மிதக்கும் செடிகளால் மேலே பந்தல் போட்டேன். நாலு நாளில் மாறுதல் தெரிந்தது.

சித்திரை வெயில்தான் பெரிய சோதனை. இது மலைக்குளிர் மீன். 22 முதல் 25 டிகிரிதான் இதற்குச் சுகம். எங்கள் தொட்டியிலோ 31. தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கும் பிராணவாயுவும் குறையும். மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அம்மாதான் யோசனை சொன்னாள்: "மூடியை எடுத்துட்டு மேஜை விசிறியைத் திருப்பி வைடா!" தண்ணீர் ஆவியாக ஆகச் சூடு தணிந்தது, இரண்டு டிகிரி இறங்கிற்று. அம்மா அந்த மாதம் முழுவதும் விசிறி இல்லாமல் படுத்தாள்.

ஆனி மாதத்தில், தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி ஜாவாப் பாசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டேன். இந்த மீன் ஒரு தடவைக்குப் பத்திலிருந்து முப்பது முட்டை வரை பாசியில் உதிர்க்கும். கண்ணில் பட்டால் தானே தின்றும் விடும். தாய்ப்பாசம் கிஞ்சித்தும் கிடையாது. மூன்று நான்கு நாளில் குஞ்சு பொரிக்கும். பொரித்த குஞ்சு நீந்தாது. கறுத்த முடித்துண்டு போல் அடியில் சில நாள் ஒட்டிக் கிடக்கும். செத்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள்! நீந்தத் தொடங்கியதும், காய்ந்த இலை ஊறிய தண்ணீரில் உண்டாகும் நுண்ணுயிர்களைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு வாரம் பத்து நாள் கழித்து, அப்போது பொரித்த உப்புநீர் இறால் குஞ்சு.

முதல் நாள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்தான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மாமா, கண்ணு தெரியுது! ரெண்டு ரெண்டு கண்ணு!" என்று கத்தினான். பதினொரு ஜோடிக் கண்கள். மறுவாரம் எண்ணியபோது ஒன்பது. அந்த ஒன்பதும் நின்றன.

பாதி தனக்கு வேண்டும் என்கிறான் பையன். நிறம் ஏற மூன்று மாதமாகும், அதற்குள் நீ ஒரு தொட்டியை ஆறு வாரம் சும்மா ஓடவிட்டுக் காட்டு என்று சொல்லியிருக்கிறேன். இன்றோடு நாலாவது வாரம். தினம் சாயங்காலம் வந்து, தன் வெறும் தொட்டியில் என்ன நடக்கிறது என்று எனக்கு ஒப்பித்துவிட்டுப் போகிறான்.