பார் கவுன்சில் விசாரணையை நடக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வழக்கறிஞர் மீதான புகாரை பார் கவுன்சில் தன் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பியதும், அந்த நோட்டீசை எதிர்த்தே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு இடைக்காலத் தடை வாங்கும் போக்கைக் கண்டித்து இதை எழுதுகிறேன். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் இத்தகைய புகார்களுக்கென்று தனி வழியே வகுத்திருக்கிறது. மூவர் குழு இரு தரப்பையும் விசாரிக்கும். உத்தரவு பாதகமானால் 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கும், அங்கும் தோற்றால் மேலும் 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு செய்யலாம். மாநில அளவிலான விசாரணையை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும், இல்லையேல் புகார் இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும் என்கிறது 36பி பிரிவு. விசாரணை தொடங்கும் முன்பே தடை விழுந்தால் இந்தக் கெடுவுக்கு என்ன பொருள்?

தமிழகத்துக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. வழக்கறிஞர்கள் வாதாடத் தானே தடை விதிக்கலாம் என்று 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் விதிகளைத் திருத்தியபோது வழக்கறிஞர்கள் கொதித்தெழுந்தார்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. வழக்கறிஞரின் நடத்தையை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் பார் கவுன்சிலுக்கே உரியது என்பதுதான் அதன் சாரம். போராடிப் பெற்ற உரிமை அது. நீதிமன்றம் எங்களைத் தண்டிக்கக் கூடாது என்று வழக்கறிஞர்கள் சொல்லிவிட்டு, எங்கள் மன்றம் விசாரிப்பதை நீதிமன்றமே நிறுத்த வேண்டும் என்றும் கேட்டால், விசாரிக்க யார்தான் மிஞ்சுவார்கள்?

தோற்ற கட்சிக்காரரோ எதிர்த்தரப்போ பழிவாங்கப் புகார் கொடுப்பதுண்டு, விசாரணை என்ற பேச்சே தொழிலைக் கெடுத்துவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால், நம்பத்தக்க காரணம் இருந்தால்தான் புகாரைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று 35ஆம் பிரிவே சொல்கிறது. பார் கவுன்சில் யோசிக்காமல் அனுப்பக் கூடாது என்று 1980இலேயே உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. பொய்ப் புகாரைத் தள்ளுபடி செய்யக் குழுவுக்கும் அதிகாரம் இருக்கிறது.

அரசியல் சாசனத்தின் 226ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்துக்குத் தரும் ரிட் அதிகாரத்தைச் சுருக்க முடியாது என்ற வாதமும் சரியே. அதிகார வரம்பு மீறப்பட்டாலோ, விளக்கம் கேட்காமலே தண்டித்தாலோ உயர் நீதிமன்றம் தாராளமாகத் தலையிடட்டும். ஆனால் விபத்து இழப்பீட்டுப் பணத்தை வாங்கிய வழக்கறிஞர் அதைக் கட்சிக்காரரிடம் கொடுத்தாரா, ரசீதில் இருப்பது யாருடைய கைநாட்டு என்பவையெல்லாம் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து முடிவுகட்ட வேண்டிய சங்கதிகள். பிரமாணப் பத்திரங்களை மட்டும் வைத்து ரிட் மனுவில் தீர்க்க முடியாதவை. தடை தானாகக் காலாவதியாகும் என்றும் இருக்க முடியாது. ஆறு மாதத்தில் தடையாணை தானே நீங்கும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பை, அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரியில் மாற்றிவிட்டது.

ஆகவே, புகார்தாரரைக் கேட்காமல் தடை தரக் கூடாது. தந்தால் காரணத்தை எழுதி, இறுதி விசாரணைக்குத் தேதியும் குறிக்க வேண்டும். பார் கவுன்சிலும் குழுவுக்கு அனுப்பும் உத்தரவிலேயே காரணங்களைப் பதிவு செய்தால் பாதி ரிட் மனுக்களுக்கு இடமே இருக்காது. நிரபராதியான வழக்கறிஞருக்கும் விசாரணை முடிந்து வரும் உத்தரவுதான் பெயரை மீட்டுத் தரும், தடையாணை தராது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை