பழைய பொம்மைகளை எறியாதீர்கள்



1979இல் அமெரிக்காவின் கென்னர் நிறுவனம் 'ஏலியன்' படத்து வேற்றுக்கிரக விலங்கை 18 அங்குலப் பொம்மையாக விற்றது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று பெற்றோர் முறையிட்டார்கள், விற்பனை நின்றது. இன்று அதைப் பெட்டியோடு வைத்திருப்பவர்களுக்கு நல்ல விலை.

எங்களிடம் பெட்டி எங்கே, வீடே மிஞ்சவில்லையே! 1987இல் வடமராட்சிச் சனம் ஓடியது. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களாகிய எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். பொம்மை எடுக்க யாருக்கு நேரம்?

ஆகவே, தப்பிக் கிடக்கிற கையொடிந்த ரோபோவையும் குப்பையில் போடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் ஓர் அலுமாரி ஒதுக்குவோம். யாருடையது, எப்படித் தப்பியது என்று பிள்ளைகளே கேட்டு எழுதட்டும். விலைக்காக இல்லை, இந்த ஊர்ப் பிள்ளைகளும் விளையாடினார்கள் என்று தெரிவதற்காக.

உடுப்பிட்டியில் யாரிடம் என்ன இருக்கிறது? கீழே சொல்லுங்கள்.