லத்தி பிடிக்கும் கை யாருடையது?

கிராமப்புறக் காவல் நிலையங்களில் ஆள் பற்றாக்குறை என்பது பழைய செய்தி. ஒரே நிலையத்தின் எல்லைக்குள் பத்து, இருபது ஊர்கள் இருக்கும். இருக்கிற சில காவலர்களும் நீதிமன்றப் பணி, திருவிழா பந்தோபஸ்து என்று போய்விடுவார்கள். அந்த நேரத்தில் ஊர் இளைஞர்களைத் துணைக்கு அழைப்பது எல்லோருக்கும் எளிய வழியாகத் தெரிகிறது. நம் மஹல்லாக்களிலும் பல இளைஞர்கள் இப்படிப் போயிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எந்த அதிகாரத்தில் அங்கே நிற்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம் ‘ஃப்ரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’. 1993இல் இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய திட்டம் இது. பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. நோக்கம் நல்லதுதான். காவல் நிலையம் என்றாலே ஒதுங்கிப் போகும் சாமானியனுக்கும் காவல்துறைக்கும் இடையே ஊரிலேயே அறிமுகமான ஒருவர் இருப்பார். தகவல் சொல்வார், புகார் எழுத உதவுவார், கூட்டத்தை ஒழுங்குபடுத்துவார். அவருக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. அதிகாரம் இல்லாததால்தான் மக்கள் அவரிடம் பயமின்றிப் பேச முடிந்தது.

நாளடைவில் பல இடங்களில் நிலைமை மாறியது. வாகனச் சோதனையில் காவலருடன் நின்றவர், பிறகு தானே வண்டியை மறித்துச் சாவியைப் பிடுங்கத் தொடங்கினார். 2020 ஊரடங்கின்போது சோதனைச் சாவடிகளில் இதைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள்.

அந்த ஆண்டு ஜூன் 19 அன்று, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், கடையை நேரம் கடந்து திறந்து வைத்ததாகக் கூறி ஒரு தந்தையும் மகனும் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். சில நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள். அன்றிரவு தன்னார்வலர்களும் நிலையத்தில் இருந்தார்கள், தாக்குதலில் பங்கெடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவர்கள் தங்கள் உறுப்பினர்கள் அல்ல என்று அமைப்பின் தரப்பில் மறுக்கப்பட்டது. சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையில் இடம்பெற்றவர்கள் காவலர்களே. ஆனாலும், நிலையத்துக்குள் இருந்தவர் யார், எந்த அமைப்பு, யார் அனுப்பியது என்பதே விவாதத்துக்குரியதாகிவிட்டது அல்லவா? சீருடைக் காவலருக்குப் பெயர்ப் பட்டை உண்டு, பணிப் பதிவேடு உண்டு, துறை நடவடிக்கை உண்டு. பக்கத்தில் நிற்கும் தன்னார்வலருக்கு இதில் எதுவும் இல்லை. 2020 ஜூலையில் தமிழ்நாடு அரசு இந்த அமைப்புக்குத் தடை விதித்தது.

இதைவிடப் பயங்கரமான முன்னுதாரணம் சத்தீஸ்கரில் உண்டு. மாவோயிஸ்டுகளை எதிர்க்க, அதிகப் படிப்பில்லாத பழங்குடி இளைஞர்கள் சுமார் 6,500 பேரை மாதம் 3,000 ரூபாய்க்குச் சிறப்புக் காவல் அதிகாரிகளாக்கி, கையில் துப்பாக்கியும் கொடுத்தார்கள். 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் இது அரசமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தின் கவலை அந்த இளைஞர்களின் உயிரைப் பற்றியதாகவும் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மலிவான கூலிக்கு முன்வரிசையில் நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள்தான்.

ஹரியானாவில் நிலைமை வேறு விதம். அங்கே 2021இல் அமைக்கப்பட்ட மாவட்டப் பசுப் பாதுகாப்புப் பணிக்குழுக்களில் அதிகாரிகளுடன் தனியார் பசுக் காவலர்களுக்கும் இடம் தரப்பட்டது. நெடுஞ்சாலையில் நள்ளிரவில் வண்டியை மறிப்பவர் அரசின் ஆளா, கும்பலின் ஆளா என்று ஓட்டுநரால் எப்படிப் பிரித்தறிய முடியும்? கும்பல் வன்முறையைத் தடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத பொறுப்பு அதிகாரி வேண்டும் என்று 2018இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தும் இந்த நிலை.

சட்டம் சொல்வது என்ன? ஓட்டுநர் உரிமத்தைக் கேட்கும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவு சீருடையில் இருக்கும் காவலருக்கே தருகிறது. உடன் நிற்கும் இளைஞருக்கு அல்ல. ஜாமீனில் விட முடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைத் தன் கண்ணெதிரே செய்பவரையோ, அறிவிக்கப்பட்ட குற்றவாளியையோ பொதுமக்களில் எவரும் பிடிக்கலாம். ஆனால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 40ஆம் பிரிவின்படி, தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அடிக்கவோ விசாரிக்கவோ அதில் இடமில்லை. ஊர்க்காவல் படையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதற்கெனத் தனிச் சட்டம், பயிற்சி, சீருடை எல்லாம் உண்டு. காவல் பணியில் ஆர்வமுள்ள பிள்ளைகள் அதில் சேரலாம்.

ரமலான் இரவுகளுக்கோ சந்தனக்கூட்டுக்கோ பையன்களை அனுப்புங்கள் என்று நிலையத்திலிருந்து கேட்டால், ஜமாஅத் நிர்வாகிகள் மறுக்க வேண்டியதில்லை. கூட்டத்தை வரிசைப்படுத்துவதும், முதியவர்களுக்கு வழிவிடச் செய்வதும் நல்ல பணிகளே. எந்த இடம், எத்தனை மணி வரை, எந்த அதிகாரியின் பொறுப்பில் என்பதை எழுத்தில் வாங்கி, போகிறவர்களின் பெயர்ப் பட்டியலில் ஒரு பிரதியை ஜமாஅத் அலுவலகத்தில் வைத்துக்கொள்ளட்டும். லத்தியைக் கொடுத்தால் வாங்க வேண்டாம் என்பதையும், வண்டிச் சோதனைக்கும் நிலையத்துக்குள் நடக்கும் விசாரணைக்கும் உடன் போக வேண்டாம் என்பதையும் அனுப்பும்போதே பையன்களிடம் சொல்லிவிட வேண்டும்.