கொத்துத் தலைவலி: வருமுன் காக்கும் மருந்துகள்

நள்ளிரவு கடந்து ஒரு மணி. அயர்ந்து உறங்கிய குடும்பத் தலைவர் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு எழுகின்றார். கண் சிவந்து நீர் வடிகின்றது. அதே பக்கத்து மூக்கும் அடைத்துக்கொள்கின்றது. படுத்திருக்க இயலாமல் அறைக்குள் அங்குமிங்கும் நடக்கின்றார். ஒரு மணி நேரத்தில் நோவு நின்றுவிடுகின்றது. மறுநாளும் அதே நேரம், அதே கண்! இதுவே கொத்துத் தலைவலி. பல்நோய் என மயங்கி நல்ல பல்லைப் பிடுங்குவித்தோரும் உளர்.

ஒரு தாக்குதல் 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும். பெரும்பாலோருக்கு வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் தொடர்ந்து வந்து பின் மறையும். சாதாரண வலிக்குளிகை வேலை செய்யத் தொடங்குமுன்னரே நோவு உச்சத்தை அடைந்துவிடும். வந்த நோவைத் தணிக்க ஒட்சிசனும் சுமாட்ரிப்டன் ஊசியும் உள. ஆயினும், நாள்தோறும் வருவதை வருமுன் தடுப்பதன்றோ அறிவுடைமை?

தடுப்பு மருந்துகளுள் முதலிடம் பெறுவது வெரப்பமில். இரத்த அழுத்தத்திற்கும் நெஞ்சுவலிக்கும் வழங்கப்படும் மருந்து இது. இத்தாலிய வைத்தியர்கள் 30 நோயாளரிடம் நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 360 மில்லிகிராம் உட்கொண்டோருக்குத் தாக்குதல்கள் குறைந்தன; மருந்தற்ற போலிக் குளிகை பெற்றோருக்கு அத்தகைய பயன் கிட்டவில்லை. ஆனால், இம்மருந்து இருதயத் துடிப்பின் ஓட்டத்தைத் தாமதப்படுத்தக் கூடும். ஆகவே, தொடங்குமுன்னரும் அளவைக் கூட்டும்போதும் ஈ.ஸி.ஜி. பரிசோதனை இன்றியமையாதது.

வெரப்பமில் பலன் தரச் சில நாட்கள் செல்லும். அவ்விடைவெளியில் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்தைக் குறுகிய காலத்துக்குக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பர். நீண்டநாள் உட்கொண்டால் எலும்பு நலியும். இரத்தத்தில் சீனியும் ஏறும். லித்தியம் மற்றொரு மருந்து. அதை உட்கொள்வோர் இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைரொயிட் சுரப்பி ஆகியவற்றின் நிலையையும் காலந்தோறும் சோதிப்பித்தல் வேண்டும். 2019இல் அமெரிக்காவில் கல்கனெசுமாப் என்னும் மாதாந்த ஊசிமருந்தும், விட்டுவிட்டு வரும் கொத்துத் தலைவலிக்கு அங்கீகாரம் பெற்றது.

இவற்றுள் எதுவும் அயலாரிடம் இரவல் வாங்கி விழுங்கத் தக்கதன்று. நோவு வரும் நேரம், நீடிக்கும் அளவு, எப்பக்கம் என்பனவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வைத்தியரிடம் காட்டுங்கள். நோவுக் காலம் முடியும்வரை மதுவை அறவே தவிருங்கள். முன்னொருபோதும் இல்லாத கடுந்தலைவலி திடீரெனத் தோன்றினால் கொப்பியை எதிர்பாராது அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கொத்துத் தலைவலி உயிரைக் குடிப்பதன்று. ஆனால் உறக்கத்தையும் மன உறுதியையும் குலைப்பது. இரவில் எழுந்து நடப்பவரை “வெறும் தலையிடிதானே” என்று வீட்டார் அலட்சியம் செய்யாதிருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.