சபையில் எழுப்பிய கேள்வி லுணுகலைக்கு எப்போது வந்து சேரும்?

2021 மார்ச் 20, சனிக்கிழமை காலை. லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட தனியார் பஸ் ஒன்று பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. அன்றே 14 பேர் உயிரிழந்தனர். முப்பது பேரளவில் காயமடைந்தனர். மலையிலிருந்து சரிந்து விழுந்த பாறையொன்று அந்த இடத்தில் பாதையை ஒடுக்கியிருந்தது. எதிரே டிப்பர் வாகனம் ஒன்று வந்தது. மீதி இருந்த இடம் இரண்டுக்கும் போதவில்லை.

சாரதியின் பிழையா, பாதையின் பிழையா என்று அப்போது நாடே விவாதித்தது. லுணுகலை மக்களின் கேள்வி வேறு. பாதையில் கிடந்த பாறையை அகற்றும்படி யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்? சொன்னால் யார் கேட்டிருப்பார்கள்?

மலையகப் பாதைகளில் தறிகெட்டு ஓடும் வாகனங்கள் பற்றியும், கிராமங்களிலும் தோட்டங்களிலும் பெருகும் திருட்டு, கசிப்பு, ஐஸ் போதைப்பொருள் பற்றியும் பாராளுமன்ற உறுப்பினர்கள் சபையில் பேசுவது நல்ல விடயம். ஆனால் அந்தப் பேச்சு ஊருக்கு எதைக் கொண்டுவந்தது என்பதை நாம் கணக்குப் பார்ப்பதில்லை. முகநூலில் உரையின் காணொளி வரும், நாமும் பகிர்வோம், அத்தோடு விடயம் முடிந்துவிடும்.

2025ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். மே 11 அதிகாலை கொத்மலை கரண்டியெல்லவில் கதிர்காமம் – குருநாகல் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். செப்டம்பர் 4 இரவு எல்ல – வெல்லவாய பாதையில் தங்காலை நகர சபை ஊழியர்கள் சென்ற பஸ் விழுந்து 15 பேர் மாண்டனர். ஒவ்வொன்றின் பின்பும் அனுதாபம், விசாரணை, சில வாரங்கள் கடும் சோதனை. அதன் பின் பாதை பழையபடி.

இதற்குக் காரணம் அக்கறையின்மை மட்டுமல்ல. பொறுப்பு பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடி செல்லும் ஏ5 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. கிளை வீதிகள் மாகாணத்துக்கும் பிரதேச சபைக்கும் உரியவை. தோட்டப் பாதைகளைக் கம்பனி பார்க்க வேண்டும் என்பார்கள். தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் செலவு செய்ய இடமளித்து 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பின்பும் அந்தப் பேச்சு ஓயவில்லை. மாகாணம் தாண்டிச் செல்லும் பஸ்ஸுக்கு அனுமதி தருவது தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, மாகாணத்துக்குள் ஓடும் பஸ்ஸுக்கு மாகாண நிர்வாகம். வேகத்தைப் பிடிக்க வேண்டிய பொலிஸ் இன்னொரு அமைச்சின் கீழ். ஓர் உறுப்பினர் ஓர் அமைச்சரிடம் பொதுவாகக் கேட்டால், “அது எமது அமைச்சுக்கு உரியதல்ல” என்ற பதிலோடு தப்பிவிட வழியுண்டு.

மாகாணத்தின் பங்கைத் தட்டிக்கேட்க மாகாண சபை இருக்க வேண்டும். ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டம்பர் 20ஆம் திகதி. 2019இல் அதன் காலம் முடிந்தது. அதன் பின் ஆளுநரின் நிர்வாகம்தான். எனவே மாகாணப் பாதைக்கும் மாகாண பஸ்ஸுக்கும் சேர்த்து, மாவட்டத்தின் ஒன்பது பாராளுமன்ற உறுப்பினர்களே குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது. 2024 தேர்தலில் அதில் ஆறு ஆசனங்கள் ஆளும் தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தன. கிட்ணன் செல்வராஜ், அம்பிகா சாமுவேல் என இரு தமிழ் உறுப்பினர்களும் அதில் அடக்கம். அரசாங்கத்துக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை என்ற சாட்டு இனிச் செல்லாது.

கிராமத்துக் குற்றங்களின் கதையும் இதே போன்றதுதான். கொடியில் முற்றிய மிளகை இரவோடிரவாகப் பறித்துச் செல்வது, கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துச் செல்வது, தோட்டத்து லயத்துக்குப் பின்னால் கசிப்பு விற்பது என்பன கொழும்புப் பத்திரிகைக்குச் செய்தியல்ல. ஒரு பருவத்து மிளகை நம்பிப் பிள்ளையின் படிப்புச் செலவைத் திட்டமிட்ட தாய்க்கு அது முழு வருடத்தின் இழப்பு. அவர் பொலிஸுக்குப் போக நாள் கூலியை இழக்க வேண்டும், பஸ் எடுக்க வேண்டும், தெரியாத மொழியில் எழுதப்பட்ட முறைப்பாட்டில் கையொப்பமிட வேண்டும். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தரும் மொழி உரிமை பொலிஸ் நிலையத்தின் மேசைக்கு வந்து சேராவிட்டால் முறைப்பாடே பதிவாகாது. முறைப்பாடு பதிவாகாத ஊரில், கடதாசியின்படி குற்றமே இல்லை. குற்றமில்லாத ஊருக்கு மேலதிக பொலிஸார் எதற்கு என்று மேலிடம் கேட்கும்.

பிரித்தானியக் கிராமங்களிலும் இதே முறைப்பாடுதான். அங்கே 2002ஆம் ஆண்டுச் சட்டமொன்று, மக்களுக்குத் தொல்லையும் பீதியும் தரும் விதத்தில் ஓட்டப்படும் வாகனத்தை எச்சரிக்கையின் பின் கைப்பற்றப் பொலிஸாருக்கு அதிகாரம் தருகிறது. அந்த முன்னெச்சரிக்கை கூடத் தேவையில்லை என மாற்ற 2025 பெப்ரவரியில் சட்டமூலம் கொண்டுவந்தார்கள். கிராமத்தவரின் புகார் சட்டத்தின் ஒரு வாசகம் வரை போய்ச் சேர்ந்தது. நமது உறுப்பினர்களிடமும் நாம் எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான். “பாதைகள் மோசம்” என்ற உரை போதாது. எந்த வளைவு, எந்த நிறுவனம், எந்தத் திகதிக்குள் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வாய்மூல விடைக்கான வினாவாகக் கேட்டால் பதில் ஹன்சார்டில் நிற்கும். அந்தப் பதிலோடு மாவட்ட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக்களில் அதிகாரிகளை அடுத்த மாதமும் கேட்கலாம்.

இதில் அவசரமும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. மண் சரிந்த இடங்களில் ஒரு வாகனம் செல்லும் அளவுக்குப் பாதையைத் திறந்துவிட்டு, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விடுவது நமக்குப் பழகிய வழக்கம். 13ஆம் கட்டையில் உயிர்கள் போனது அப்படியொரு ஒடுங்கிய இடத்தில்தான் என்பதை மறக்கக் கூடாது.

இனி நமது பக்கத்தையும் பேச வேண்டும். சைலன்சரைக் கழற்றிவிட்டு, பெருநாள் இரவில் மோட்டார் சைக்கிளை முன்சக்கரம் தூக்கி ஓட்டுவது எல்லாம் அடுத்த சமூகத்தின் பிள்ளைகள் அல்ல. பொலிஸார் பிடித்தால் நாம் முதலில் தேடுவது சட்டத்தரணியை அல்ல, அரசியல்வாதியின் தொலைபேசி இலக்கத்தை. காலையில் சபையில் ஒழுங்கு பற்றிப் பேசும் உறுப்பினரை மாலையில் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு அழைப்பெடுக்க வைப்பவர்கள் நாம்தான்.

திருடிய மக்ஸூமி குலத்துப் பெண்ணுக்காக உஸாமா (ரழி) அவர்கள் பரிந்துரைக்க வந்தபோது நபி (ஸல்) அவர்கள் கோபம் கொண்டதை நாம் எத்தனை குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். பெரியவர் வீட்டுக் குற்றத்தை விட்டுவிட்டு ஏழையை மட்டும் தண்டித்த சமூகங்கள் அழிந்தன என்பதே அதன் பாடம். நமது பிள்ளைக்காக எடுக்கும் ஒரு தொலைபேசி அழைப்பும் அந்தப் பரிந்துரையின் இனம்தான்.

பள்ளிவாசல் நிர்வாகங்களால் செய்யக் கூடியவை உண்டு. கோயில், விகாரை நிர்வாகங்களோடு சேர்ந்து ஆபத்தான வளைவுகளின் பட்டியலைத் தயாரிக்கலாம். முறைப்பாடு எழுதத் தெரியாதவரோடு, அவர் எந்தச் சமூகத்தவரானாலும், மொழி தெரிந்த ஒருவரை அனுப்பலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், குறித்த வளைவுக்கு என்ன திட்டம், எவ்வளவு ஒதுக்கீடு என்று விண்ணப்பிக்கலாம். உறுப்பினர் ஒருவர் ஊடாகப் பாராளுமன்றப் பொது மனுக் குழுவுக்கு மனுவும் கொடுக்கலாம்.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். 13ஆம் கட்டையில் கிடந்த பாறை அப்படிப்பட்ட ஒரு தொல்லை. அடுத்த பாறைக்காகக் கேள்வி எழுப்பும்படி நமது உறுப்பினரிடம் கேட்போம். பதில் வரும்வரை ஒவ்வொரு மாதமும் கேட்போம்.