பாலைவனம் இல்லாத நாட்டுக்கு ஒட்டகம் எதற்கு?

மார்ச் பிறந்தால் ஆஸ்திரேலியப் பள்ளிகளில் ஆரஞ்சு நிறம் ஏறிவிடும். 1999 முதல் மார்ச் 21ஐ ஒட்டிக் கொண்டாடப்படும் ஹார்மனி (நல்லிணக்க) தினத்துக்காக வகுப்புக்கு ஒரு நாட்டைப் பங்கிட்டுக் கொடுப்பது இங்கே சிட்னியில் பல பள்ளிகளின் வழக்கம். லெபனான் எந்த வகுப்புக்கு விழுந்தாலும் நம் கண்ணில் படுவது ஏறக்குறைய ஒரே காட்சிதான். இணையத்திலிருந்து இறக்கி அச்சிட்ட கொடி, அதற்குப் பச்சை சிவப்பு வண்ணம். பேரங்காடியில் வாங்கிய ஹம்மூஸ் (கொண்டைக்கடலை விழுது) டப்பா. சுவரில் மஞ்சள் மணல்மேடு, அதன்மேல் ஒரு காகித ஒட்டகம்.

லெபனானில் பாலைவனமே கிடையாது. நாட்டின் பெயரே வெண்மையைக் குறிக்கும் செமித்திய வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. மலைமுகட்டில் படியும் பனியே அதற்குக் காரணம் என்பார்கள். தயிருக்கு அங்கே வழங்கும் 'லபன்' என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர், அதாவது பெருநகர் சிட்னியை விடச் சிறிய நாடு. அந்த எண்ணை லெபனான்காரர்கள் யாரையும் மறக்கவிட மாட்டார்கள். 2010இல் உலக சாதனைக்காகப் பெய்ரூட் அருகே ஒரே தட்டில் ஹம்மூஸ் செய்தபோது, அதன் எடையையும் 10,452 கிலோ என்றே வைத்துக்கொண்டார்கள். கணக்குப் பாடத்தோடு சேர்த்துச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைகூட இதை ஆயுளுக்கும் மறக்காது. அதை விட்டுவிட்டு ஒட்டகம் வெட்டி ஒட்டுகிறோம்.

ஒரு காகித ஒட்டகத்தின்மேல் இத்தனை கோபமா என்று கேட்கலாம். இந்தக் கோபம் தமிழர்களாகிய நமக்குப் புதிதல்ல. சமோசாவும் மருதாணியும் பாலிவுட் பாட்டுமாக ஒரு 'இந்தியா' மேசையைப் போட்டு, நம் வீட்டுப் பிள்ளையை அதன் பக்கத்தில் நிறுத்தி, "இதுதானே உங்கள் பண்பாடு?" என்று அன்பாகக் கேட்டிருக்கிறார்கள். 'இலங்கை' மேசையில் சிங்கக் கொடியை நட்டு, அதன் கீழே நின்று சிரிக்கச் சொன்னபோது நம் பிள்ளைகள் சிலர் வாயடைத்து நின்றதும் உண்டு. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. முன்கூட்டி நம்மிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். நமக்கு நேர்ந்ததை இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு நாமே செய்யலாகாது.

ஆகவே நம் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகளுக்குப் பார்க்கக் கொடுப்பதைக் குறைத்து, செய்யக் கொடுப்பதைக் கூட்ட வேண்டும். பதினைந்து மேசை வேண்டாம். மூன்று வேலை போதும். அந்த மூன்று எவை என்று முடிவாகும் கூட்டத்தில், அந்தப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் லெபனான் குடும்பங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லாம் முடிவான பிறகு, "ஒரு தட்டுத் தபூலே சாலட் கொண்டுவர முடியுமா?" என்று கேட்பது கலந்தாலோசனை ஆகாது. மேற்குச் சிட்னியில் ஆள் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாம் தோசை சாப்பிடப் போகும் ஹாரிஸ் பார்க்கில்தானே மாரோனியக் கிறிஸ்தவர்களின் லெபனான் அன்னைப் பேராலயமும் இருக்கிறது!

அப்படிக் கூடிப் பேசினால் முதலில் வெளிவரும் செய்தி ஒன்று உண்டு. மார்ச் 21 லெபனானில் அன்னையர் தினம். ஹார்மனி தினத்தன்று பல லெபனான் வீடுகளில் அம்மாவுக்குப் பூ வாங்குவார்கள், அல்லது தொலைபேசியில் கூப்பிட்டு வாழ்த்துவார்கள். பாட்டியைத் 'தேத்தா' என்று அழைப்பார்கள். விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் தேடி அலைய வேண்டியதில்லை. தேத்தாக்களை அழைத்தால் போதும்.

இரண்டாவது செய்தி, அது நோன்புக் காலம். மார்ச் 21 எப்போதுமே கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்குள் விழும். இந்தச் சில ஆண்டுகளாக ரமலானும் மார்ச்சில் வந்துபோகிறது. நோன்பிருக்கும் பிள்ளையின் முன்னால் ஹம்மூஸைப் பரப்பிவைத்து, "உங்கள் ஊர்ச் சாப்பாடு, எடுத்துக்கொள்" என்று சொல்லும் விழாவுக்கு நல்லிணக்கம் என்று பெயர் வைப்பது எப்படிப் பொருந்தும்?

இந்தச் சிக்கலுக்கு விடையும் அவர்கள் அடுக்களையிலேயே இருக்கிறது. நோன்பு முடியும் தறுவாயில், ஈகைப் பெருநாளுக்காக முஸ்லிம் வீடுகளிலும் ஈஸ்டருக்காகக் கிறிஸ்தவ வீடுகளிலும் ஒரே பலகாரம் தயாராகும். ரவையை முதல் நாள் இரவே நெய்யோ வெண்ணெயோ விட்டுப் பிசறி ஊறவைத்து, மறுநாள் ஆரஞ்சுப்பூ நீர் தெளித்துப் பிசைந்து, உள்ளே பேரீச்சை விழுது வைத்து, செதுக்கிய மர அச்சில் அழுத்தி, மேசை விளிம்பில் 'டக்' என்று தட்டினால் பூப்போட்ட உருண்டை கையில் விழும். பிறகு சுட்டெடுப்பார்கள். அதன் பெயர் மஅமூல். லஞ்சத்துக்கு நாம் சொல்லும் மாமூலும் இதே அரபுச் சொல்தான். 'செய்யப்பட்டது' என்ற பொருள் நம்மிடம் வந்து 'வழக்கம்' ஆகி, அப்புறம் இப்படிக் கெட்டுப்போனது. பேரீச்சைக்கு ஓர் அச்சு, வால்நட்டுக்கு ஒன்று, பிஸ்தாவுக்கு ஒன்று. வடிவத்தைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். கொட்டை வகை ஒவ்வாத பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு இருப்பதால் பேரீச்சையோடு நிறுத்திக்கொள்ளலாம். அங்கேயே தின்றாக வேண்டிய கட்டாயமும் இல்லை. காகிதப் பெட்டியில் இரண்டிரண்டாக வைத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டால், நோன்புப் பிள்ளையும் மற்றப் பிள்ளையும் ஒன்றுபோல அச்சைத் தட்டியிருப்பார்கள்.

லெபனானில் அரசு ஏற்றுக்கொண்ட சமயப் பிரிவுகள் 18. அதைப் பலகையில் எழுதிப் போட்டு விளக்குவதைவிட, இரண்டு பெருநாளுக்கும் பொதுவான ஒரு பலகாரம் பிள்ளைகளுக்கு எளிதில் புரியும்.

நம் யோசனையில் முதல் வேலை இந்தப் பலகாரம். அடுத்தது எழுத்து. இன்று ஜ்பெயில் எனப்படும் லெபனான் நகரமான பைப்லோஸில் 1923இல் கண்டெடுத்த அஹீராம் மன்னனின் கல்லறைப் பெட்டியில் உள்ள வாசகம், ஃபினீசிய எழுத்தில் நமக்குக் கிடைத்த மிகப் பழையவற்றுள் ஒன்று. மொத்தம் 22 எழுத்து, வலமிருந்து இடம், உயிரெழுத்து கிடையாது. அலெஃப் என்றால் மாடு, பேத் என்றால் வீடு. கிரேக்கம் வழியாக ஆங்கில எழுத்துகளும், அரமேயம் வழியாக அரபு எழுத்துகளும் இங்கிருந்து கிளைத்தவைதான். பிராமியும் அரமேய வழி வந்ததே என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. களிமண் பலகையில் தம் பெயரை இந்த எழுத்தில் கீறச் சொன்னால், கமலா, கமல், கோமளா மூவருக்கும் வருவது அதே மூன்று எழுத்துதான். உயிரெழுத்து எதற்கு என்று தமிழாசிரியர் ஓராண்டு சொல்லிப் புரியாதது அன்று பத்து நிமிடத்தில் புரியும்.

மூன்றாவது தப்கே. கை கோத்து வரிசையாக நின்று தரையை உதைத்து ஆடும் ஆட்டம். கிளைகளைப் பரப்பி மண் பூசிய பழைய கூரைகள் வெடித்தால், அக்கம்பக்கத்தார் கூடி வரிசையாக மிதித்துக் கெட்டிப்படுத்துவார்களாம். அந்த மிதியே ஆட்டமானது என்று ஊர்க்கதை. கதையைச் சொல்லி ஆடவிட்டால் கூச்சப்படும் பிள்ளைக்கும் கால் தன்னால் எழும். மினுமினுக்கும் இடுப்புத் துணி கட்டிச் சிறுமிகளை ஆடவிடும் வழக்கத்துக்கு இத்தோடு முற்றுப்புள்ளி வைக்கலாம். தப்கே சிரியாவுக்கும் ஜோர்டானுக்கும் பாலஸ்தீனத்துக்கும் உரியது என்பதையும் ஒளிக்க வேண்டாம். 2023இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பாலஸ்தீனத்தின் தப்கேயையும், லெபனானின் காலை உணவான மனூஷே ரொட்டியையும் ஒரே கூட்டத்தில் சேர்த்தது. வகுப்பில் பாலஸ்தீனப் பிள்ளை ஒன்று இருந்தால் அதே வரிசையில் அதுவும் நிற்கட்டும்.

போரைப் பற்றி என்ன செய்வது? 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போர், 2020 ஆகஸ்ட் 4 பெய்ரூட் துறைமுக வெடிப்பு, 2024இல் மீண்டும் குண்டுவீச்சு. இங்குள்ள பல குடும்பங்கள் இவற்றிலிருந்து தப்பி வந்தவர்கள். "உங்கள் ஊர்ச் சண்டையைப் பற்றிச் சொல்லேன்" என்று ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்துவது கொடுமை. ஈழத்தை விட்டு வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதற்காகப் போரே நடக்காததுபோல் நடிக்கவும் வேண்டாம். பெரிய வகுப்புகளுக்குப் பெய்ரூட் தேசிய அருங்காட்சியகத்தின் கதையைச் சொல்லலாம். நகரைப் பிளந்த போர்க்கோட்டில் சிக்கிய அந்தக் கட்டடத்தில், அதன் காப்பாளர் மொரீஸ் செஹாப் பெரிய சிலைகளையும் கல்பெட்டிகளையும் சுற்றிக் கான்கிரீட் வார்த்தார். சிறு பொருள்களை அடித்தளத்தில் வைத்துச் சுவர் எழுப்பினார். போர் ஓய்ந்தபின் உடைத்துப் பார்த்தபோது கல்பெட்டிகள் நின்றன. இது தோற்றவர் வென்றவர் கதை இல்லை என்பதால் எந்த வீட்டுப் பிள்ளையும் தலைகுனிய நேராது.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலை மலைபோல் இருக்கிறது. ஏதோ ஒன்று செய்கிறார்களே என்று மகிழக் கூடாதா என்பார்கள் சிலர். வேலைச் சுமை உண்மைதான். ஆனால் பதினைந்து மேசையைவிட மூன்று வேலை குறைவு. பாதிச் சுமையைத் தேத்தாக்கள் எடுத்துக்கொள்வார்கள். ஏதோ ஒன்று போதும் என்ற வாதத்தை நாம் ஏற்கவில்லை. தன் ஊரைத் தவறாகக் காட்டும் மேசைக்கு நன்றி சொல்ல வேண்டிய நிலைக்கு ஒரு குழந்தையைத் தள்ளுவது, மேசையே போடாமல் இருப்பதைவிட மோசம்.

பெற்றோர் சங்கங்களில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர்களே, முதல் பருவக் கூட்டத்தில் விழாப் பட்டியல் மேசைக்கு வரும்போது, யாரிடம் கேட்டு இதை முடிவு செய்தீர்கள் என்று கேளுங்கள். லெபனான் மளிகைக் கடையில் ஒரு டஜன் மர அச்சு வாங்கச் சங்கப் பணத்தில் ஒதுக்கச் சொல்லுங்கள். ரவையை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும். அதையும் யாராவது குறித்துக்கொள்ளட்டும்.