ஃபத்து தியோமைக் கைதட்டிக் கொன்றது போதும்

2015 ஏப்ரல். லிபியாவிலிருந்து கிளம்பிய ஒரு படகு மத்தியதரைக் கடலில் கவிழ்ந்து 800-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன சில நாட்களில், பிரான்ஸ் 2 தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் ஒரு செனகல் பெண் எழுத்தாளர் பொரிந்து தள்ளினார். செத்தவர்கள் வெள்ளையர்களாக இருந்திருந்தால் உலகமே ஆடிப்போயிருக்கும் என்றார். ஐரோப்பியர் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஆப்பிரிக்கர் மட்டும் ஏன் போகக்கூடாது என்று கேட்டார். அந்தச் சில நிமிட வீடியோ இணையம் முழுக்கச் சுற்றியது.

அவர் பெயர் ஃபத்து தியோம். அன்றிலிருந்து பலருக்கும் அவர் 'ஐரோப்பாவைக் கிழி கிழியென்று கிழித்த அம்மா'. கிழித்தார், உண்மைதான். ஆனால் அதற்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே அவர் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். அதில் ஐரோப்பா கிழிபடுகிற அளவுக்கு அவருடைய சொந்த ஊரும் கிழிபடுகிறது. வீடியோவைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அந்த நாவலைப் புரட்டியாவது பார்த்திருப்பார்கள்? இங்கேதான் சிக்கல். பேச்சாளரைத் தூக்கிக் கொண்டாடி எழுத்தாளரைக் குழி தோண்டிப் புதைக்கிற வேலை இது.

தியோம் 1968-ல் செனகலின் சலூம் கழிமுகப் பகுதியில் உள்ள நியோதியோர் என்ற தீவில் பிறந்தவர். திருமணமாகாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை. அந்தத் தீவில் அது சின்ன விஷயம் அல்ல. வளர்த்தது பாட்டி. 1994-ல் பிரெஞ்சுக் கணவரோடு பிரான்ஸ் போனார். திருமணம் நிலைக்கவில்லை. வீட்டு வேலை செய்துகொண்டே ஸ்ட்ராஸ்பூரில் இலக்கியம் படித்தார்.

அந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான் முதல் புத்தகம், 2001-ல் வெளியான சிறுகதைத் தொகுப்பு. தலைப்பு 'தேசிய முன்னுரிமை'. வேலையும் சலுகையும் முதலில் பிரெஞ்சுக் குடிமக்களுக்கே என்று லெ பென்னின் தேசிய முன்னணிக் கட்சி போட்ட கோஷம் அது. அதையே பிடுங்கித் தலைப்பாக வைத்தார். ஒரு கதையில், ஆப்பிரிக்க வேலைக்காரிக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்பில் வீட்டுக்கார அம்மாள் தெகார்த்தின் புகழ்பெற்ற வாசகத்தைத் தப்பும் தவறுமாக எடுத்துவிடுகிறாள். வேலைக்காரி அதைத் திருத்திச் சொல்கிறாள். ஆக, ஐரோப்பாவைச் சாடுவதற்கு அவர் 2015 வரை காத்திருக்கவில்லை.

இனி அந்த நாவல். 'அட்லாண்டிக்கின் வயிறு', 2003. அக்கா சலி ஸ்ட்ராஸ்பூரில். தம்பி மதிக்கே நியோதியோரில். தம்பிக்குத் தெய்வம் இத்தாலிய கால்பந்து வீரர் பாவ்லோ மால்தினி. 2000-ம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பை நடக்கிறது. ஊர் டிவி மக்கர் செய்தால் அக்காதான் ஆட்டத்தைப் பார்த்து முடிவைச் சொல்ல வேண்டும். தம்பி ஊரிலுள்ள தொலைபேசி நிலையத்திலிருந்து கூப்பிட்டு உடனே வைத்துவிடுவான். அக்கா திருப்பிக் கூப்பிட வேண்டும், அக்கா காசில். சொர்க்கத்தில் இருக்கிறவளுக்குப் பணத்துக்கு என்ன குறைச்சல்! அவள் பிழைப்புக்காக அடுத்தவர் வீட்டைக் கூட்டித் துடைக்கிறாள் என்று சொன்னால் ஊர் நம்புமா?

ஊர் நம்புவது வேறொருவரை. 'பார்பெஸ்காரர்' என்றுதான் அவருக்குப் பெயர். பிரான்சில் சம்பாதித்துத் திரும்பி வந்தவர். ஊருக்கு முதல் டிவியைக் கொண்டுவந்தவர். சாயங்காலமானால் பையன்கள் அவர் வீட்டில் கூடுவார்கள். அவர் பாரிஸ் கதைகளை அளந்துவிடுவார். மெட்ரோ வாசல்களில் ஒண்டிக் கிடந்ததை, பிச்சை எடுத்ததை, கட்டட வேலையில் முதுகு ஒடிந்ததைச் சொல்லவே மாட்டார். பாரிஸ் மெட்ரோவின் 2-ம் தடத்தில் பார்பெஸுக்கு அடுத்த நிறுத்தம் லா ஷப்பேல். ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் அதே லா ஷப்பேல்தான். தமிழ் வாசகருக்கு இந்த ஆசாமியை அறிமுகப்படுத்தவே தேவையில்லை.

அவருக்கு எதிரே நிற்பவர் பள்ளி ஆசிரியர் நெதாரே. அவர் பையன்களுக்கு மூசாவின் கதையைச் சொல்கிறார். கால்பந்து ஆடுவதற்காக பிரான்சுக்கு அழைத்துப் போகப்பட்டவன் மூசா. ஆட்டத்தில் தேறவில்லை. கூட்டிப் போனவர், செலவழித்த பணத்தைக் கழிக்கச் சொல்லி அவனைக் கப்பலில் வேலைக்கு விட்டார். போலீஸ் பிடித்தது. நாடு கடத்தினார்கள். வெறுங்கையோடு ஊர் திரும்பியவனை ஊர் ஒதுக்கியது. கடைசியில் கடலில் போய் விழுந்தான்.

மூசாவைக் கொன்றது யார்? கூட்டிப் போன தரகரா, பிரெஞ்சு போலீசா, ஊரா? மூவரும்தான் என்கிறது நாவல். முதல் இரண்டு பேரைச் சொன்னால் கைதட்டு கிடைக்கும். மூன்றாவதைச் சொல்லத்தான் துணிச்சல் வேண்டும்.

2010-ல் வந்த 'காத்திருக்கும் பெண்கள்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. அந்தப் பையன்களைப் படகில் ஏற்றுவது வறுமை என்கிற முகமில்லாத பூதம் மட்டும் அல்ல, பெற்ற தாய்மார்கள். சக்களத்தியின் பிள்ளைகள் முன்னுக்கு வந்துவிட்டார்களே என்ற புகைச்சலில் பூஞா தன் மகன் இஸ்ஸாவை அனுப்பத் துடிக்கிறாள். தோழி ஆரம் தன் மகன் லமினை அனுப்பச் சம்மதிக்கிறாள். பையன்கள் ஸ்பெயினுக்குப் போய்விடுகிறார்கள். இங்கே இரண்டு இளம் மனைவிகள், கும்பாவும் தாபாவும், வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். ஒருநாள் இஸ்ஸா வருகிறான், ஐரோப்பிய மனைவியோடும் பிள்ளைகளோடும். செய்தித்தாளில் வருவது படகில் போனவர்களின் எண்ணிக்கை. கரையில் நின்றவர்களை எண்ணுவதற்கு ஒரு நாவலாசிரியை வர வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு ஆட்சேபம் எழும். சொந்த ஊரை இப்படித் திட்டினால் அது வலதுசாரிகளுக்குத்தானே லாபம்? பாருங்கள், அவர்கள் ஊர் எழுத்தாளரே 'வராதீர்கள்' என்கிறார் என்று அவர்கள் பிரசாரம் செய்ய மாட்டார்களா?

செய்வார்கள். பாதியை மட்டும் படிக்கிற எவரும் எதையும் செய்யலாம். ஆனால் அந்த நாவல்களில் அந்நிய இழுவைக் கப்பல்கள் மீனை வாரிக்கொண்டு போவதும் இருக்கிறது, விமான நிலைய அதிகாரிகளின் அவமானப்படுத்தலும் இருக்கிறது. 2017 தேர்தல் நேரத்தில் மரின் லெ பென் வகையறாவின் அடையாள அரசியலுக்கு எதிராக 'மரியான் புகார் கொடுக்கிறாள்' என்று தனிப் புத்தகமே போட்டவர் தியோம். அவரைத் தங்கள் பக்கம் இழுக்க வலதுசாரிகளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவர்களுக்குப் பயந்து ஊரின் பொய்யை மூடி மறைக்க வேண்டும் என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்தப் பொய்யால் சாவது பாரிஸ்காரர்கள் அல்ல, நியோதியோர் மாதிரி ஊர்ப் பையன்கள்.

சாவு என்பது அலங்காரப் பேச்சு அல்ல. 2006-ல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மரப்படகுகளில் கிளம்பி ஸ்பெயினின் கனரித் தீவுகளை அடைந்தவர்கள் 31,000-க்கும் மேல். 'பார்சிலோனா அல்லது மரணம்' என்ற பொருளில் ஒரு வோலோஃப் மொழி கோஷமே அப்போது பிறந்தது. 2024-ல் எண்ணிக்கை 46,000-ஐத் தாண்டியது. போய்ச் சேர்ந்தவர்களின் கணக்கு இது. சேராதவர்களின் கணக்கு கடலுக்குத்தான் தெரியும்.

அடுத்த கூட்டம் விமர்சகர்கள். தியோமின் எந்தப் புத்தகம் வந்தாலும் 'புலம்பெயர்ந்தவரின் சாட்சியம்' என்று முத்திரை குத்திவிடுவார்கள். சலிதான் தியோம், தியோம்தான் சலி, முடிந்தது வேலை. பிரான்சில் பிறந்து வளர்ந்த ஒருவர் சொந்த ஊரை வைத்து எழுதினால் அது நாவல், நியோதியோர்க்காரி எழுதினால் வாக்குமூலமா? 2019-ல் வந்த 'சங்கோமாரின் காவலர்கள்' நாவலை என்ன செய்வார்கள்? 2002 செப்டம்பர் 26 அன்று ஜூலா கப்பல் மூழ்கி 1,800-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சுமார் 580 பேருக்கான கப்பலில் ஏறக்குறைய மூன்று மடங்கு கூட்டம். நாவலில் அந்தக் கப்பலில் கணவனைப் பறிகொடுத்த இளம் விதவை, துக்கம் காக்கும் இரவுகளில் எழுதிக்கொண்டே இருக்கிறாள். அந்தக் கப்பல் ஐரோப்பாவுக்குப் போகவில்லை. செனகலுக்குள்ளேயே, சிகின்ஷோரிலிருந்து தலைநகர் டக்காருக்குப் போன கப்பல். இதில் எங்கே புலம்பெயர்வு?

ஐரோப்பா, சொந்த அரசு, ஊர்ப் பெரியவர்கள், மகனை அனுப்பும் தாய், பணம் கேட்கும் தம்பி என்று ஒருவரையும் விடாமல் கணக்குக் கேட்கிறவர் தியோம். ஆனால் அந்தத் தம்பியையும் தாயையும் அவர் வெறுப்பதில்லை. சலி கடைசியில் தம்பிக்குப் பணம் அனுப்புகிறாள், பயணச்சீட்டுக்கு அல்ல, ஊரிலேயே ஒரு கடை வைக்க. இதற்கு மேடையில் கைதட்டு விழாது. ஆனால் மதிக்கே உயிரோடு இருக்கிறான். மூசா இல்லை.

பார்பெஸ்காரர் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பையன்கள் தங்களுக்குப் பிடித்த கதையை மட்டும் கேட்டார்கள். ஆசிரியர் சொன்ன மூசா கதை கசந்தது. ஐரோப்பாவைத் திட்டும் வீடியோவை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள் செய்வதும் அதுவேதான். கையில் இருக்கும் திரை கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான் வித்தியாசம்.

'அட்லாண்டிக்கின் வயிறு' 2006-லேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. பிரெஞ்சு தெரியாது என்ற சாக்கும் செல்லாது. வீடியோவைப் பகிர்ந்தது போதும், புத்தகத்தைப் படியுங்கள்.